நானூற்றுப் பன்னிரண்டாவது ஆமை

நாலாம் சந்துக் குழாயடியில் இருந்த ஆமையைச் சுரண்டி எடுத்த மூன்றாம் நாள், அந்தக் குழாயடி ஆறாம் சந்துக்குப் போய்விட்டது. குழாயோடு அதன் சிமெண்டுத் தொட்டியும், தொட்டியின் பாசியும், வரிசையில் இடம் பிடிக்க முந்தின நாளே வைத்திருந்த ஏழு குடங்களும் வைத்த ஒழுங்கு கலையாமல் போயிருந்தன. பழைய இடத்தில் ஒரு சதுரம் ஈரம் கிடந்தது. பத்து மணி வெயிலுக்கு அதுவும் காய்ந்தது. ஆறாம் சந்துக்காரர்கள் முப்பது வருஷமாகக் குழாய் கேட்டு மனுப் போட்டவர்கள். தானாக வந்ததைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு என்ன தலையெழுத்து? நாலாம் சந்துப் பெண்கள் மிச்சக் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆமையை எடுத்தவளின், ஊர் இப்போது சுரண்டி என்றே கூப்பிடுகிறவளின், வாசலில் வந்து நின்று கத்தினார்கள். "நான் ஆமையத்தானே எடுத்தேன். கொழாயையா எடுத்தேன்?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நியாயத்தைக் குடத்தில் பிடித்துக் குடிக்க முடியாது என்று ஒருத்தி சொன்னாள்.

ஆமை என்பது பழைய நகரசபையின் சின்னம். முதுகில் ஒரு கோபுரத்தைச் சுமந்துகொண்டு, தலையைப் பாதி நீட்டியபடி, அறுபது வருஷமாக அது ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. பாதாளச் சாக்கடை மூடியில், விளக்குக் கம்பத்தில், பூங்கா பெஞ்சில், ஆஸ்பத்திரிப் போர்வையின் மூலையில், பியூன் சட்டைப் பொத்தானில், பிண வண்டியின் கதவில். பிறந்தவனும் செத்தவனும் அதைப் பார்க்காமல் அந்த ஊரைக் கடந்தது கிடையாது. புதிதாக வந்த நகரசபைத் தலைவர் முதல் கூட்டத்திலேயே எழுந்து, ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும், நாம் அதை ஊருக்கே காவல் வைத்திருக்கிறோம், பிறகு ஊர் எப்படி முன்னேறும் என்று கேட்டார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். வெளியூர்க் கம்பெனி ஒன்று புதுச் சின்னம் வரைந்து கொடுத்தது. பச்சையில் தொடங்கி நீலத்தில் முடிகிற ஒரு வளைந்த கோடு. இலை என்றார்கள் சிலர், தீ என்றார்கள் சிலர். மீன் விற்கிறவள் மீன் என்று அடித்துச் சொன்னாள். முடிதிருத்துகிறவர், யாரோ எழுத ஆரம்பித்து வேலை வந்து எழுந்து போய்விட்டார்கள் என்றார். வார்டு ஆபீஸ் குமாஸ்தா மட்டும் சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு, அது வளர்ச்சி என்றார்.

பழைய சின்னம் 'வார்டு எல்லைக்குள் எங்கு காணப்பட்டாலும்' அகற்றப்பட வேண்டும் என்பது உத்தரவு. அகற்றுகிற வேலை சுரண்டிக்கு வந்தது. கல்குவாரியில் பிறந்தவள் அவள். அப்பன் உடைத்த கல்லை ஆத்தாள் சுமக்க, அந்தக் கல்லின் நிழலில் வளர்ந்தவள். வார்டில் பத்தொன்பது வருஷமாகத் தினக்கூலி. முதலில் குழி தோண்டினாள், பிறகு தார்ச் சட்டி சுமந்தாள், பிறகு கிரைண்டர் மிஷினைக் கையில் கொடுத்தார்கள். மிஷின் அதிர்ந்து அதிர்ந்து வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போய்விட்டது; தலை வாருவதே இடது கையால்தான். வயது ஐம்பத்தொன்று. வார்டில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. தலைவர் புதுச் சின்னத்தைத் திறந்து வைக்கும் நாளுக்குள் 'ஆமை பூஜ்யம்' என்று சான்று கொடுத்தால் அந்த இடம் அவளுக்கு என்று சின்ன இன்ஜினியர் வாக்குக் கொடுத்திருந்தார். நல்ல பிள்ளைதான். பொய் சொல்லமாட்டார். காகிதத்தைக் கண்டால் மட்டும் பாம்பைக் கண்டமாதிரி வெளிறிப்போவார். நிரந்தரம் என்றால் தோளை வைத்தியரிடம் காட்டலாம், மழை நாளில் வீட்டில் இருக்கலாம், கிழவியான பிறகு யார் முன்னாலும் கை நீட்ட வேண்டாம். இதில் ஒன்றைக்கூட அவள் ஆடம்பரம் என்று நினைக்கவில்லை. மிஷினைத் தூக்கினாள்.

குழாயடிக்குப் பிறகு பெஞ்சுகள் போயின. பூங்காவில் இருந்த பதினான்கும் ஆளுக்கொரு திக்காகப் போய், ஒன்று மட்டும் கண் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அங்கே அது தேவைப்பட்டது, யாரும் புகார் கொடுக்கவில்லை. விளக்குக் கம்பங்கள் இரண்டிரண்டாகப் பக்கத்து வார்டுக்கு நடந்தன. பக்கத்து வார்டு, எங்கள் மின்சாரத்தை உங்கள் கம்பம் எரிக்கிறது என்று கடிதம் எழுதியது. சாக்கடை மூடிகள் உருண்டே போய்விட்டன. ஆமை இருந்தவரை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த சாமான்கள், ஆமை போனதும் தாங்கள் யாருக்குச் சொந்தம் என்பதை மறந்துவிட்டன என்று ஊர் ஒருவாறு புரிந்துகொண்டது. புதுச் சின்னத்தை ஒட்டிப் பார்த்தார்கள். அது ஸ்டிக்கர், மூன்று நாள் வெயிலில் ஓரம் சுருண்டு, ஒரு காற்றுக்கு விழுந்தது. பழைய தபால் பெட்டித் தூணில் ஆமையைச் சுரண்டினால் அடியில் பழைய தேசத்தின் வாளும் சக்கரமும் இருந்தன, அதைச் சுரண்டினால் அதற்கும் முந்தின ராஜாவின் கிரீடம் இருந்தது. வாளுக்கும் கிரீடத்துக்கும் உத்தரவில் இடம் இல்லை, தனி ஃபைல் போட வேண்டும் என்றார் குமாஸ்தா. ஃபைல் போடப்பட்டது. அதற்குள் தூண் போய்விட்டது. ஒவ்வொன்று போகும்போதும் சுரண்டிக்கு ஒரு விளக்கக் கடிதம் வரும்: உம்முடைய பொறுப்பில் இருந்த பொருள் எங்கே? அவளுக்கு எழுதத் தெரியாது என்பதால் குமாஸ்தாவே கேள்வியை எழுதி, அவரே பதிலையும் எழுதி, அவள் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்துவார்.

"ஏன் சாமி, போறது தெரியுதுல்ல? அப்ப நிறுத்துறதுதானே?" என்று அவள் கேட்டாள்.

"நிறுத்த உத்தரவு வரலம்மா. எடுக்கத்தான் வந்திருக்கு," என்றார் குமாஸ்தா.

இப்படியாக நானூற்றுப் பதினோராவது ஆமை வரைக்கும் வந்துவிட்டாள். அது வார்டு ஆபீஸின் நெற்றியில் இருந்த சுதை ஆமை, எருமைக்கன்று அளவு. திங்கட்கிழமை சாரம் கட்டி ஏறி, ஒரு பகல் முழுக்க உடைத்து, மூன்று கூடையில் அள்ளிக் கொட்டினாள். இறங்கி வந்து முகத்துத் தூசியைத் துடைத்தபோது பட்டியலில் பாக்கி ஒன்றுதான் என்றார் சின்ன இன்ஜினியர். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவின் மூடியைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டாவது அவளுடைய புருஷன்.

அவனை ஊரில் மூடி என்று கூப்பிடுவார்கள். நகரசபையின் வார்ப்புப் பட்டறையில் சாக்கடை மூடி வார்த்தவன். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு நாள், மணல் அச்சிலிருந்து எடுத்துக் கருஞ்சிவப்பாக ஆறிக்கொண்டிருந்த ஒரு மூடியின் மேல் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தான். எழுப்பும்போது முதுகில் ஆமை பதிந்திருந்தது, கோபுரத்தோடு. சுற்றிலும் 'நகரசபைச் சொத்து' என்ற எழுத்து, இடம் வலமாக மாறி. அதற்கு முன் அவன் வீட்டில் தரிக்காத மனுஷன். சண்டைக்காரன் கிடையாது, குடிகாரன் கிடையாது, கால் நிற்காது, அவ்வளவுதான். ஒரு முறை தீப்பெட்டி வாங்கப் போனவன் ஏழு மாதம் கழித்துத் தீப்பெட்டியோடு வந்தான். மகள் பிறந்தபோது எந்த ஊரில் இருந்தான் என்பது அவனுக்கே இன்றுவரை தெளிவில்லை. ஒவ்வொரு முறையும் தேடிப் போய்க் கூட்டி வருவது அவள் வேலை. பஸ் நிலையம், துறைமுகம், அணைக்கட்டு வேலை நடக்கிற இடம் என்று அவள் அலையாத அலைச்சல் இல்லை. முதுகில் ஆமை விழுந்த நாளோடு அது நின்றது. மகள் கல்யாணமாகிப் போனாள், அவன் போகவில்லை. அதற்குப் பிறகு வேறு தலைவலி. உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம். தெருமுனைக்குப் போய்வர அரை நாள். கூப்பிட்டால் தலையைத் திருப்பவே ஒரு நேரம் எடுத்துக்கொள்வான். போனாலும் தொல்லை இருந்தாலும் தொல்லை என்று அவள் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். குழாயடியில் சட்டையில்லாமல் குளித்துக்கொண்டிருந்தவனைச் சின்ன இன்ஜினியர் பார்த்ததும், பட்டியலில் ஏற்றியதும் குழாய் போவதற்கு ஒரு வாரம் முந்தின கதை.

"ஆஸ்பத்திரியில பேசிட்டேம்மா," என்றார் சின்ன இன்ஜினியர். "தொடையில இருந்து தோல் எடுத்து முதுகுல வெச்சிருவாங்க. பதினஞ்சு நாள். நகரசபைச் செலவு. நாளன்னைக்கு அவரு வந்து சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டா, அன்னைக்கே பூஜ்யம்னு எழுதிருவேன். உங்க ஆர்டர் ரெடியா இருக்கு."

"போர்வையப் போத்திவிட்டா ஆகாதா?"

"எங்கு காணப்பட்டாலும்னு இருக்கே."

"போத்தினா எங்க சாமி காணப்படும்?"

"நான் பாத்துட்டேனேம்மா," என்றார் அவர், நிஜமாகவே வருத்தத்தோடு.

வீட்டுக்கு வந்து கிரைண்டரை மூலையில் வைத்த சத்தத்திலேயே பக்கத்து வீட்டு நாத்தனாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சுவரின் மேல் தலை முளைத்தது. "எடுத்துறச் சொல்லுங்க அண்ணி. எங்கண்ணன் இருந்து என்னத்தச் சாதிச்சிச்சு? அரிசி களையக்கூட ஒதவாது." சொந்த அண்ணனைப் பற்றி இப்படிப் பேசுகிறாளே என்று சுரண்டிக்குக் கோபம் வந்தது. தான் தினமும் பேசுவது அதைவிட மோசம் என்பது வேறு. மூடி சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். அவன் பதில் சொல்வதற்குள் அவள் கைகால் கழுவி, அடுப்பை மூட்டி, உலையை இறக்கிவிட்டாள்.

"எடுத்துரட்டும்," என்றான். "ஒனக்கு வேலை கெடைக்கும்ல."

"கெடைக்கும். அப்புறம் நீ?"

அவன் யோசித்தான். "நான் எங்க போகப்போறேன்."

"கொழாயும் அப்படித்தான் நெனச்சிருக்கும்," என்றாள். கரண்டியை வைத்த வேகத்தில் மூடி அதிர்ந்தது, சட்டியின் மூடிதான். "யோவ், எனக்கு வயசு ஐம்பத்தொண்ணு. முட்டி தேஞ்சுபோச்சு. நீ பாட்டுக்குக் கெளம்பிட்டா ஒன்னய ஊர் ஊரா யாரு தேடுறது? ஒன் தங்கச்சி தேடுவாளா? அந்த இன்ஜினியர் தேடுவாரா? ஒழுங்கா இருக்கிற எடத்துல இரு."

"இருந்தா வேலை போயிருமே."

"போகட்டும். அதுவும் ஒன்ன மாதிரிதான், பத்தொம்பது வருஷமா வர்றேன் வர்றேன்னு ஏமாத்துது."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அவனுக்கு மட்டும் போட்டு, அவன் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

புதன்கிழமை காலையில் சம்மதம் இல்லை என்று சொல்ல ஆபீஸுக்குப் போனாள். வாசலில் பிறப்புச் சான்றுக்கும் இறப்புச் சான்றுக்கும் ஐம்பது அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். அவளும் நின்றாள், வேலை செய்கிற இடமாக இருந்தாலும் மனுக் கொடுக்க வந்தால் வரிசைதான். பத்தே காலுக்கு ஆபீஸ் கிளம்பியது. ஆமை எடுத்து அன்றைக்கு மூன்றாம் நாள். கணக்குத் தெரிந்த யாரும் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது. படிக்கட்டு, கொடிக்கம்பம், சைக்கிள் ஸ்டாண்டு சகிதம், நடுத்தர வயது ஆள் சாப்பிட்டுவிட்டுக் காலாற நடக்கிற வேகத்தில் அது கிழக்குப் பக்கமாகப் போயிற்று. வரிசையும் கலையாமல் பின்னாலேயே நடந்தது, இடத்தை விட்டால் மறுபடி கடைசியில் நிற்க வேண்டுமே. ஜன்னலுக்குள் குமாஸ்தா முத்திரை குத்திக்கொண்டேயிருந்தார். சின்ன இன்ஜினியர் மாடி வராந்தாவுக்கு ஓடிவந்து, "நில்லு, நில்லு!" என்று கத்தினார், யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. கடைவீதித் திருப்பத்தில் ஆபீஸ் மூலை இடித்து ஒரு செருப்புக் கடையின் பந்தல் சரிந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்து, ஒதுங்கி, வழி விட்டது.

மூடி விடிவதற்கு முன்பே வீட்டைவிட்டுப் புறப்பட்டிருந்தான். அவளுக்குச் சொல்லவில்லை; தெருமுனைக்குப் போயிருப்பான் என்று நினைத்து அவள் குறுக்குச் சந்து வழியாக ஆபீஸுக்கு வந்துவிட்டாள். ஆபீஸுக்குப் போய்ச் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் ஆர்டரை வாங்கிவந்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். முக்கால் மைல் தூரத்துக்குக் கிளம்பி, நாலரை மணி நேரம் ஆகியும் கடைவீதி வரைதான் வந்திருந்தான். மூச்சு வாங்கி நின்றவனுக்கு எதிரே ஆபீஸே வந்தது. தான் போக வேண்டிய இடம் தன்னைத் தாண்டிப் போகப் பார்க்கிறதே என்று அவனுக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அவன் எரிச்சல்பட்டு யாரும் பார்த்ததில்லை. சட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பி நின்று, முதுகைச் சுவரில் சாய்த்து, அப்படியே சரிந்து உட்கார்ந்தான். ஆபீஸ் நின்றுவிட்டது. மேஜை மேலிருந்த மைப்புட்டி மட்டும் கொஞ்ச தூரம் போய்க் கீழே விழுந்தது.

வரிசையிலிருந்து சுரண்டி ஓடிவந்தாள். "ஒன்ன இருக்கிற எடத்துல இருன்னுதானே சொன்னேன்!" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "கையெழுத்துப் போட வந்தேன்," என்று எழுந்தான். ஆபீஸ் கிளம்பியது. "ஒக்காருங்க! ஐயா, ஒக்காருங்க!" என்று மாடியிலிருந்து சின்ன இன்ஜினியர் அலறினார். உட்கார்ந்தான், நின்றது. இன்னும் இரண்டு முறை சோதித்துப் பார்த்தார்கள். பிறகு குமாஸ்தா ஒரு புது ஃபைல் திறந்தார்.

அந்த வார்டில் அவ்வளவு வேகமாக எந்த ஃபைலும் அதற்கு முன் நகர்ந்ததில்லை. தலைவரின் ஒப்புதல் மத்தியானத்துக்குள் வந்தது. 'எங்கு காணப்பட்டாலும்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு முதுகை மட்டும் விலக்கி வைத்துத் திருத்தம் எழுதினார்கள். சாயங்காலம் அவனுக்கு ஆர்டர் கொடுத்தார்கள்: ஆபீஸ் நேரத்தில் ஆபீஸின் தெற்குச் சுவரில் முதுகு பட உட்கார்ந்திருக்க வேண்டும். நிரந்தரம். வார்டில் இருந்த காலியிடம் அந்த ஒன்றுதான். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு நிரந்தரம் கொடுக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்று சின்ன இன்ஜினியர் பேனா மூடியிடம் சொன்னார்.

"பத்தொம்பது வருஷம்," என்றாள் சுரண்டி. "குழி தோண்டினேன். தார் சொமந்தேன். நானூத்திப் பதினோரு ஆமை. இந்தாளு ஒரு தடவ ஒக்காந்தான்." அந்தச் சாலையில் நின்று அவள் திட்டிய திட்டைப் பிறகு பல வருஷம் மக்கள் சொல்லிச் சொல்லிக் காட்டினார்கள், தலைவரில் தொடங்கி, கம்பெனியின் வளைந்த கோட்டுக்கு வந்து, ஆமையின் பரம்பரை வரைக்கும் போனாள். ஆபீஸில் இருந்த யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை, அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதால். முடித்துவிட்டு, அவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்பது நினைவுக்கு வந்து, அதற்கும் ஒரு திட்டுத் திட்டிவிட்டுச் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வாரம் ஆபீஸ் கடைவீதித் திருப்பத்திலேயே, பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. பஸ்ஸுக்கு வேறு பாதை போட்டார்கள். செருப்புக் கடைக்காரர் ஆபீஸ் சுவரிலேயே ஆணி அடித்துப் பந்தலைக் கட்டிக்கொண்டார். அவன் சம்பளத்தில் அவள் தோளுக்கு வைத்தியம் நடந்தது. கை காது வரை வந்து, அதோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடுமுறை. இருட்டினால் ஆபீஸ் நகராது, ஆனால் அன்று பகல் முழுக்க இஷ்டத்துக்குப் போகும். சனிக்கிழமை மாலையே தெருக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டி, துணிக் கொடியை அவிழ்த்து வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை அது எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெருவில் அந்த வாரம் வார்டு ஆபீஸ். நாலு வருஷத்தில் தலைவர் மாறினார், வளைந்த கோடும் மாறியது. உதிராமல் ஒட்டியிருந்த மிச்சத்தைச் சுரண்ட மறுபடி அவளையே தினக்கூலிக்குக் கூப்பிட்டார்கள். சுரண்டிய பிறகும் அந்தச் சாமான்கள் எங்கும் போகவில்லை. அந்தக் கோடு ஒட்டியிருந்ததே அவற்றுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஐந்தாம் வருஷம் பணிப் பதிவேடுகளைச் சரிபார்க்கப் புதுக் குமாஸ்தா ஒருவர் வந்தார். விதியை விதியாகப் பார்க்கிறவர். ஒரு மணிக்குச் சுரண்டி சாப்பாட்டோடு வந்தபோது, அவர் மூடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். ஊழியருக்கு அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும். ஒன்றுதான் இருந்தது: முதுகில் ஆமை. இரண்டாவது கட்டம் காலி.

"ஏம்மா, வேற மச்சம், தழும்பு எதாவது உண்டா இவருக்கு? நேர்ல பாத்துச் சரிபாக்கிற மாதிரி?"

"தழும்பெல்லாம் கெடையாது," என்றாள் சுரண்டி, தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டே. "எழுதிக்குங்க. கல்யாணமான நாள்ல இருந்து சொன்ன பேச்சக் கேக்காது."

புதுக் குமாஸ்தா கொஞ்சம் யோசித்தார். விதியில் அது கூடாது என்று எங்கும் இல்லை. எழுதினார். எழுதினால் நேரில் சரிபார்க்க வேண்டும்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க," என்றார்.

மூடி எழவில்லை. சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யோவ், ஐயா சொல்றாருல்ல, எந்திரி!" என்று அதட்டினாள் சுரண்டி.

அவன் முதுகை இன்னும் கொஞ்சம் நன்றாகச் சுவரில் சாய்த்துக்கொண்டு கையை நீட்டினான். உள்ளே வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. குமாஸ்தா 'சரி' என்று குறித்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார்.